ஜெர்மனியில் ஒருங்கிணைப்பு வகுப்புக்கு விண்ணப்பித்தல்: அட்டையில் உள்ள தேதியை முதலில் பாருங்கள்

திருச்சியில் பொறியியல் படித்து, நீல அட்டையில் (பட்டதாரி ஊழியர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வதிவிட அனுமதி) வேலை பார்க்கும் கணவருடன் சேர்ந்து வாழ ஷ்டுட்கார்ட்டுக்கு வந்திருக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பது இது: வதிவிட அட்டை கைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, புறப்படும் முன்பே சென்னையில் ஜெர்மன் மொழிக்கான ஏ1 தேர்வு எழுதித் தேறிவிட்டார் (ஏ1 தொடக்க நிலை; அதற்கு மேல் ஏ2, பி1, பி2, சி1 என்று படிகள் ஏறும்), மூன்று வயதில் குழந்தை இருக்கிறது. புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஜெர்மன் மொழியையும் நாட்டைப் பற்றியும் கற்றுத்தரும் அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் தமக்கு இடம் உண்டா, பட்டதாரிகளுக்குக் கிடையாது என்று பழகியவர்கள் சொல்வது சரியா, எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு செலவாகும், முடித்தால் வேலை கிடைக்குமா?

விண்ணப்பிக்கலாம், தள்ளிப் போடாமல் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் வதிவிடச் சட்டத்தில் 44ஆம் பிரிவு, வேலைக்காகவோ குடும்பத்துடன் சேர்வதற்காகவோ முதன்முறையாக வதிவிட அனுமதி பெற்று, நிலையாகத் தங்கப் போகிறவர்களுக்கு இந்த வகுப்பில் சேரும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதே பிரிவு, அந்த அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு கழிந்தால் உரிமை காலாவதியாகிவிடும் என்றும் சொல்கிறது. ‘குழந்தை கொஞ்சம் வளரட்டும்’, ‘வீடு மாறின பிறகு பார்க்கலாம்’ என்று காத்திருந்து, பதினான்காவது மாதத்தில் வந்து கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அது போதுமான காலம், ஆனால் வீணாக்கக்கூடிய காலம் அல்ல.

இதில் மூன்று இடங்கள் சம்பந்தப்படுகின்றன, எந்த வேலைக்கு எங்கே போவது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். உங்கள் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகம், அதாவது நம்மவர் வாயில் ஆவுஸ்லெண்டர்பெஹோர்டே, உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு சான்றுத் தாளைத் தருகிறது. எல்லோரும் பேச்சில் சொல்லும் பெரெஷ்டிகுங்ஸ்ஷைன் அதுதான். நியூரன்பெர்க்கில் தலைமையகம் கொண்ட குடிவரவு மற்றும் அகதிகளுக்கான கூட்டாட்சி அலுவலகம், சுருக்கமாக பாம்ஃப், பணத்தையும் பாடத்திட்டத்தையும் விதிகளையும் பார்த்துக்கொள்கிறது; கட்டண விலக்கு மனுக்களும் அங்கேதான் போகின்றன. வகுப்பை நடத்துவது இந்த இரண்டுமில்லை. பாம்ஃபின் அனுமதி பெற்ற மக்கள் கல்விக்கூடங்களும், தொண்டு நிறுவனங்களும், தனியார் மொழிப்பள்ளிகளும் நடத்துகின்றன. மக்கள் கல்விக்கூடம் என்பது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே. ஏறக்குறைய ஒவ்வொரு நகரத்திலும் ஒன்று இருக்கும். ஆகவே மொழிப்பள்ளிக்குப் போய்ச் சான்றுத் தாள் கேட்பதாலும், வெளிநாட்டினர் அலுவலகத்தில் வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்பதாலும் பயன் இல்லை.

இனி, பட்டதாரிகளுக்குக் கிடையாது என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தியாவிலிருந்து படித்துவிட்டு வரும் பெண்கள் ஏமாந்து போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘ஒருங்கிணைப்புத் தேவை குறைவாக உள்ளவர்’ என்று தெரிந்தால் உரிமை இல்லை என்று 44ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு விளக்கம், ஒருங்கிணைப்பு வகுப்புக்கான ஒழுங்குவிதியின் 4ஆம் பிரிவில் வருகிறது: பல்கலைக்கழகப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ உள்ளவருக்குப் பொதுவாகத் தேவை குறைவு என்று கொள்ளலாம். அலுவலர் உங்கள் பட்டத்தைப் பார்த்ததும் கை காட்டுவது இந்த விதியைத்தான். ஆனால் அதே வாக்கியம் அங்கே முடியவில்லை. மொழி போதாததால் தம் தகுதிக்கேற்ற வேலையை நியாயமான காலத்துக்குள் பெற முடியாதவருக்கு இது பொருந்தாது என்று அதிலேயே விலக்கு வைத்திருக்கிறார்கள். அத்துடன், அரசின் உதவி இல்லாமலே அவர் இந்தச் சமூகத்தில் கலந்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடிந்தால் மட்டுமே ‘தேவை குறைவு’ என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் நடக்கும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் உங்கள் கணவருக்கு இந்த விதி பொருந்தக்கூடும். ஏ1 அளவு ஜெர்மனுடன், பி2 கேட்கும் வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. பட்டம் இருப்பது உங்களைத் தடுக்கவில்லை. அந்தப் பட்டத்துக்கான வேலைக்கு மொழி தடையாக இருக்கிறது என்பதை நீங்கள் எழுத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கணவன் அல்லது மனைவியுடன் சேர வந்தவருக்கு, அனுமதி வழங்கும்போது பி1 அளவு ஜெர்மன் இல்லையென்றால், வகுப்பில் சேரும்படி அலுவலகமே கட்டாயப்படுத்த 44ஏ பிரிவு இடம் தருகிறது. அப்படி ஆணை வந்தால் பயப்பட வேண்டாம். சான்றுத் தாள் கேட்டு நீங்கள் அலைய வேண்டியிருக்காது. ஆனால் கட்டாயம் என்று வந்த பிறகு காரணமில்லாமல் போகாமல் இருந்தால், வதிவிட அனுமதியை நீட்டிக்கும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டினர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரில் சந்திக்க முன்பதிவு நேரம், கிடைப்பது பெரிய நகரங்களில் எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். டெர்மினுக்காகக் காத்திருக்காமல் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, அட்டை எண், அனுமதி வழங்கப்பட்ட தேதி ஆகியவற்றைக் கொடுத்து, 44ஆம் பிரிவின்படி ஒருங்கிணைப்பு வகுப்பில் சேரும் உரிமைச் சான்றைத் தருமாறு கேளுங்கள். அடுத்த பத்தியில் உங்கள் படிப்பைச் சொல்லி, அத்துறையில் வேலை தேடியதையும் மொழி போதாததால் கிடைக்காததையும் இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். வந்த மறுப்பு மின்னஞ்சல் ஒன்று, பி2 அல்லது சி1 கேட்கும் உங்கள் துறை விளம்பரம் இரண்டு ஆகியவற்றை இணையுங்கள். ஜெர்மனில் எழுதுவது நல்லது. கணவரின் சக ஊழியர் ஒருவர் பத்து நிமிடத்தில் திருத்தித் தருவார். அனுப்பிய நாளுக்கான சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் தவறு இல்லாத காரணத்தால் ஓராண்டுக்குள் பதிவு செய்ய முடியாமல் போனால் உரிமை காலாவதியாகாது என்று சட்டமே சொல்கிறது. அலுவலகம் நான்கு மாதம் பதில் போடாமல் இருந்தால், உங்களைக் காப்பாற்றப் போவது அந்தத் தேதி போட்ட நகல்தான்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது? மறுப்பைக் காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகு, 44ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி, இடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுமாறு பாம்ஃபிடம் நேரடியாக மனுச் செய்யும் வழி சட்டத்தில் இருக்கிறது. உரிமை காலாவதியானவர்களுக்கும், ஜெர்மன் குடியுரிமை இருந்தும் மொழி போதாதவர்களுக்கும், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கும் உள்ள வழி அதுதான். ஆனால் அது உரிமை அல்ல, காலியிடத்தையும் அந்த ஆண்டின் நிதியையும் பொறுத்த சலுகை. பணம் இறுகும் ஆண்டுகளில் அந்தக் கதவும் இறுகும். அதை நம்பி முதல் ஆண்டை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகத்தான் திரும்பத் திரும்பத் தேதியைப் பற்றிச் சொல்கிறேன்.

தாள் கைக்கு வந்ததும் பள்ளியைத் தேடுங்கள். பாம்ஃபின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அருகிலுள்ள அனுமதி பெற்ற பள்ளிகள் எல்லாம் வரைபடத்தில் வரும். முதல் பெயரோடு நின்றுவிடாமல் நான்கைந்து இடங்களில் கேளுங்கள்: அடுத்த வகுப்பு எப்போது, காலையா மாலையா, எத்தனையாவது தொகுதியிலிருந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டா. ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிகளில் பதிவு செய்ய முடியாது, நடுவில் மாறுவதும் லேசான காரியமல்ல என்பதால், இந்த ஒரு வாரத் தேடல் வீண்போகாது.

பதிவுக்கு முன் நிலை அறியும் தேர்வு வைப்பார்கள். அதற்காகப் படித்துக்கொண்டு போக வேண்டாம், தெரிந்ததைத் தெரியாதது போல் காட்டவும் வேண்டாம். மொழிப் பகுதி 600 பாட மணி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். அது நூறு நூறாக ஆறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு ஏ1, அடுத்த இரண்டு ஏ2, கடைசி இரண்டு பி1. அதன் பிறகு ஜெர்மனியின் சட்டம், வரலாறு, பண்பாடு பற்றிய அறிமுகப் பகுதி 100 பாட மணி. ஆக மொத்தம் 700. உங்கள் ஏ1 இன்னும் நினைவில் இருந்தால் மூன்றாம் தொகுதியில் சேர்ப்பார்கள். ஏ1 எழுதி ஓராண்டாகி, எழுத்து நினைவிருந்து பேச்சு மறந்திருந்தால், இரண்டாம் தொகுதியில் உட்காருவதில் குறைவொன்றும் இல்லை. அவசரப்பட்டு மேலே ஏறியவர்கள் ஐந்தாம் தொகுதியில் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பங்கேற்பாளர் கட்டணம் சில ஆண்டுகளாக ஒரு பாட மணிக்கு 2.29 யூரோ. 700 மணிக்கு 1,603 யூரோ ஆகும். ஆனால் படிக்கும் தொகுதிக்கு மட்டும் முன்கூட்டியே, ஒவ்வொன்றுக்கும் 229 யூரோவாகச் செலுத்துகிறோம். மூன்றாம் தொகுதியில் தொடங்கினால் 500 மணி, 1,145 யூரோ. அரசின் வாழ்வாதார உதவித்தொகையில் இருப்பவர்களுக்கு இக்கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. அதற்கான மனுவைப் பள்ளியே நிரப்ப உதவும், வகுப்பு தொடங்கும் முன் அனுப்பிவிட வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தாது: உங்களைப் பராமரிக்கும் கடமை உள்ளவரும் இக்கட்டணத்துக்குப் பொறுப்பு என்று சட்டம் சொல்வதால், கணவரின் சம்பளம் கணக்கில் வரும். இதே 500 மணியை மானியம் இல்லாத தனியார் வகுப்பில் படித்தால் எவ்வளவு ஆகும் என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். இந்தத் தாளின் மதிப்பு புரியும்.

காலை வகுப்பு என்றால் பெரும்பாலும் வாரம் 20 அல்லது 25 பாட மணி, ஒன்பது மணி வாக்கில் தொடங்கி மதியம் வரை. வாரம் 20 என்று வைத்தால் உங்களுக்கு 25 வாரம், விடுமுறைகளோடு ஏழு மாதம். ஒவ்வொரு நாளும் வருகைப் பட்டியலில் கையெழுத்திட வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போக முடியாவிட்டால் அன்றே தெரிவித்து, மருத்துவரின் தாளைக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து இருக்கையில் சிரியாவிலிருந்து வந்தவர், முன்னால் உக்ரைனிலிருந்து வந்தவர், பின்னால் பிரேசிலிலிருந்து வந்தவர் என்று இருக்கும். அங்கே ஆங்கிலம் எடுபடாது, அதனாலேயே ஜெர்மன் வாய்க்கு வரும்.

தமிழ் பேசுகிறவருக்கு ஜெர்மன் எங்கே எளிது, எங்கே கடினம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். ‘ஏனெனில்’ என்ற பொருளில் வரும் ‘வைல்’ போட்டதும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்: ‘வைல் இஷ் கிராங்க் பின்’. ஆங்கிலக்காரர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. வினையைக் கடைசியில் வைத்தே வளர்ந்த நமக்கு இது சொந்த வீடு போல. ‘டூ’வும் ‘ஸீ’யும் நம் நீயும் நீங்களும்தான், யாரிடம் எதைச் சொல்வது என்ற உணர்வு நமக்குப் பாடமில்லாமலே இருக்கிறது. ‘உ’ மேல் இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்து வரவில்லையென்றால், ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஊ’ சொல்வது போலக் குவியுங்கள், வந்துவிடும். வதைப்பது பால்தான். உயர்திணைக்குத்தான் ஆண்பால் பெண்பால் என்று பழகிய நமக்கு, மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி என்ற சொல்லோ இரண்டுமில்லாதது என்றால் மனம் ஒப்பாது. அதற்குக் காரணம் தேட வேண்டாம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும், அதன் முன்னால் நின்று பாலைக் காட்டும் ‘டேர், டீ, டாஸ்’ உடனே ஒரே சொல்லாக மனப்பாடம் செய்யுங்கள்.

முடிவில் இரண்டு தேர்வுகள். மொழித் தேர்வு ஏ2 முதல் பி1 வரை அளவிடும். கேட்டல் 25 நிமிடம், வாசித்தல் 45, எழுதுதல் 30, அதன்பின் இருவர் இருவராகப் பேச்சுத் தேர்வு சுமார் 16 நிமிடம். பி1 கிடைக்க, பேச்சில் கட்டாயம் பி1 வாங்க வேண்டும். கூடவே எழுத்திலோ, கேட்டல்-வாசித்தலிலோ ஏதாவது ஒன்றில் பி1 இருந்தால் போதும். ஆகவே பேச்சுதான் உயிர்நாடி. நம்மவர்கள் தடுமாறும் இடமும் பேச்சில்தான், குறிப்பாகக் கடைசிப் பகுதியில். இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடச் சொல்வார்கள். ஊழியர் ஒருவருக்கு வழியனுப்பு விழா என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் ‘சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டதும், நாம் மரியாதையாக ‘யா, யா’ என்று தலையாட்டிவிட்டு நின்றுவிடுகிறோம். அங்கே ஒத்துப் போவது மதிப்பெண் தராது. ‘சனிக்கிழமை எனக்கு முடியாது, ஏனெனில் குழந்தைக்கு நீச்சல் வகுப்பு, வெள்ளி மாலை எப்படி? சாப்பாடு யார் கொண்டு வருவது?’ என்று மறுத்து, காரணம் சொல்லி, மாற்று வழி வைத்து, திருப்பிக் கேட்க வேண்டும். இதைக் கணவருடன் சமையலறையில் தினமும் பத்து நிமிடம் பயிற்சி செய்யுங்கள். முன்பெல்லாம் தேறாதவர்களுக்கு மேலும் 300 மணி படித்து மறுபடி எழுதும் வாய்ப்பு பரவலாக இருந்தது. 2024இன் இறுதியில் வந்த திருத்தம் அதைப் பெரிதும் சுருக்கிவிட்டது. முதல் முறையே தேற வேண்டும் என்ற எண்ணத்தோடு போங்கள்.

‘ஜெர்மனியில் வாழ்க்கை’ என்னும் இரண்டாம் தேர்வு எளிது. 33 கேள்வி, 60 நிமிடம். 30 பொதுவானவை, 3 உங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க் பற்றியவை. 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆனால் 17 சரியாக இருந்தால் பின்னாளில் குடியுரிமைக்கும் அதே தேர்வு செல்லும் என்பதால் 17ஐயே இலக்காக வையுங்கள். கேள்விகள் எல்லாம் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை, பொது 300, மாநிலத்துக்கு 10. தினம் பத்து படித்தால் ஒரு மாதத்தில் முடியும். குடியுரிமைக்கான காத்திருப்பு 2024 ஜூன் 27 முதல் எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்துள்ளது, ஜெர்மனி இப்போது இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது; இந்தியா ஏற்பதில்லை என்பதை மட்டும் மறவாதீர்கள்.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். பி1 உங்களை மருத்துவரிடமும் குழந்தையின் பள்ளியிலும் கடையிலும் தனித்து நிற்க வைக்கும். பொறியாளர் நாற்காலியில் உட்கார வைக்காது. அதற்கான அடுத்த படி வேலைசார் மொழி வகுப்பு. 2016 முதல் நடக்கும் இந்த வகுப்புகள் பி2, சி1 வரை கொண்டுபோகும், பொறுப்பு பாம்ஃபுடையதே. பி1 முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களிலேயே வேலைவாய்ப்பு முகமையில் வேலை தேடுபவராகப் பதிந்து, அந்த வகுப்புக்கான அனுமதியைக் கேளுங்கள். பட்டத்தை அங்கீகரிக்கச் செய்யும் வேலையையும் அப்போதே தொடங்கினால் இரண்டும் ஒன்றாக முடியும்.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்கு எனக்கொரு காரணம் உண்டு. இந்த வகுப்பு 2005 ஜனவரியில்தான் தொடங்கியது. 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் இங்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர் தலைமுறைக்கு இப்படி ஒரு தாளை நீட்ட யாரும் இருக்கவில்லை. உணவகச் சமையலறைகளில் தட்டுக் கழுவிக்கொண்டே அவர்கள் மொழி கற்றார்கள். அப்படி இருபது ஆண்டு சமையலறையில் உழைத்த ஒரு அக்காவுக்காக, பல ஆண்டுகளுக்கு முன் நான் நிலை அறியும் தேர்வுக்குத் துணையாகப் போனேன். தமிழை முத்து முத்தாக எழுதுபவர். லத்தீன் எழுத்து மட்டும் தெரியாது. எழுத்தறிவில்லாதவர் பட்டியலில் போட்டுவிடுவார்களோ என்று வழியெல்லாம் கலங்கினார். வேறொரு எழுத்தில் படித்தவர்களுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறது, வழக்கமான 600க்குப் பதில் மொழிக்கு 900 மணி வரை தருகிறார்கள் என்று அங்கிருந்த ஆசிரியை சொன்னதும், தாளை வாங்கித் தம் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினார். உங்கள் அண்டை வீட்டிலோ கோயிலிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

குழந்தையைப் பொறுத்தவரை, மழலையர் பள்ளி இடத்துக்கு இன்றே பதிவு செய்யுங்கள். வகுப்புக்கான இடத்தைவிட அது தாமதமாகலாம். கிடைக்கும் வரை மாலை வகுப்பா, காப்பு வசதியுள்ள பள்ளியா என்று பாருங்கள். அதுவரை வீட்டில் மக்கள் கல்விக்கூடத்தின் இணையக் கற்றல் தளத்திலும், ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் பாடங்களிலும் ஏ2வைத் தொடங்கலாம், இரண்டும் இலவசம். அலுவலகக் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால், புலம்பெயர்ந்த வயதுவந்தோருக்கான ஆலோசனை மையங்கள் ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் உள்ளன. 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இளையோருக்கான தனி மையம் உண்டு. கட்டணம் கேட்க மாட்டார்கள். போகும்போது வதிவிட அட்டை, கடவுச்சீட்டு, ஏ1 சான்றிதழ், பட்டச் சான்றின் மொழிபெயர்ப்பு, அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள்.